மணலில் நின்ற இரும்பு

நெய்வேலியில் ஆறு கிடையாது. இந்த ஊரைப் பற்றி யாராவது என்னிடம் பெருமை பேசச் சொன்னால், பேச ஆரம்பிப்பதற்கு முன் இந்தக் குறையைச் சொல்லிவிடுவது என் வழக்கம். நிழல் உண்டு, அகலமான வீதிகள் உண்டு, எண் போட்ட வட்டங்கள் உண்டு, சுற்றிலும் முந்திரித் தோப்பும் பலாவும் உண்டு. காவிரிக் கரையில் பிறந்தவர்களைப் போலச் சாயங்காலம் கால் நனைத்துக்கொண்டு உட்கார ஒரு படித்துறை மட்டும் இல்லை.

அதற்கு ஈடாக எங்களுக்கு இரும்பு உண்டு. சுரங்க விளிம்பில் நின்று பார்த்தால், பல மாடிக் கட்டடம் ஒன்று படுத்துக்கொண்டு நகர்வது போல வெட்டு யந்திரங்கள் தெரியும். அவற்றின் கைகளெல்லாம் கனத்த இரும்புப் பாளங்கள் அல்ல. சட்டங்களை முக்கோணம் முக்கோணமாகக் கோத்துப் பின்னிய கூடுகள். அந்தக் கூட்டின் நுனியில் ஒரு சக்கரம், சக்கரத்தைச் சுற்றி வாளிகள். வெளியூர் விருந்தாளிகள் வந்தால் அதைத்தான் காட்டுவோம். அவர்களும் வாயைத் திறந்தபடி பார்ப்பார்கள்.

இப்படி இரும்பையே பார்த்துக்கொண்டு வாழ்கிற எனக்கு, இரும்பைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர் இந்த ஊர்க்காரர் அல்ல. என் மாமனார். அவர் சொல்லிக் கொடுத்த இடமும் இந்த ஊர் அல்ல. கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலம்.

கொள்ளிடம் எங்களுக்கு ஒரேயடியாக அந்நிய ஆறும் அல்ல. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிந்து, ஸ்ரீரங்கத்தைத் தீவாக்கி, அணைக்கரையைத் தாண்டி, எங்கள் கடலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லையாக ஓடிப் பழையாறு அருகே கடலில் சேர்கிறது. வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்று அதன் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். காவிரி வயலுக்குப் போகிற ஆறு. கொள்ளிடம், காவிரியால் தாங்க முடியாததைத் தாங்குகிற ஆறு. வீட்டில் மூத்த பிள்ளைக்குப் பேரும் புகழும், இளைய பிள்ளைக்குச் சுமை என்கிற மாதிரி.

கல்யாணமான புதிதில் நெய்வேலியிலிருந்து விருத்தாசலம், பெரம்பலூர் வழியாக மாமனார் வீட்டுக்கு ஸ்ரீரங்கம் போவோம். சமயபுரம் தாண்டி, நெம்பர் ஒன் டோல்கேட்டில் பஸ் திரும்பியதும் என் மனைவி தூக்கத்திலிருந்து எழுந்து கொண்டையைச் சரி செய்துகொள்வாள். யாரும் எழுப்ப வேண்டியதில்லை. சக்கரத்தின் சத்தம் மாறிவிடும். தார்ச்சாலையில் 'ஸ்...' என்று ஓடிய சக்கரம், ஒவ்வோர் இணைப்பையும் தாண்டும்போது 'டக், டக்' என்று தாளம் போடும். அதுதான் பாலம். பாலம் வந்தால் பிறந்த வீடு வந்துவிட்டது. எட்டிப் பார்த்தால் இரும்புச் சட்டங்கள் பின்னால் ஓடும். அவற்றின் இடுக்கு வழியாகக் கீழே மணல். வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். ஓரமாக ஒரு கீற்றுத் தண்ணீர்.

அந்தப் பாலம் 1928-ல் கட்டப்பட்டது. ஏறக்குறைய 800 மீட்டர் நீளம். அதற்கு நான்கு வருஷங்களுக்கு முன்னால், 1924-ல், காவிரியிலும் கொள்ளிடத்திலும் வந்த பெருவெள்ளத்தைப் பற்றிக் கரையோரத்துக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகப் பேசிக்கொள்வார்கள். அந்த வெள்ளத்தின் நினைவு ஆறாத நாளில் எழுந்த பாலம் அது.

என் மாமனார் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். எழுத்தாளன் என்று ஒருவன் மருமகனாக வந்ததில் அவருக்கு வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. என் கதைகளில் ஒன்றையாவது அவர் படித்ததாகத் தெரியவில்லை. ஆனால் நான் நெய்வேலியில் குடியிருப்பதில் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. "அந்த ஜெர்மன் மிஷின் இருக்கே, மாப்பிள்ளை, அதுக்குப் பக்கத்திலே குடியிருக்கிறதே ஒரு படிப்பு" என்பார். படிக்காமலே குடியிருக்கிறவன் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு நாள் காலையில் பாலத்தில் நடக்கும்போது அவர் நின்றார். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து நான்கு குச்சிகளைச் சதுரமாக வைத்துக் காட்டினார். ஒரு மூலையை விரலால் தள்ளினார். சதுரம் சாய்ந்துவிட்டது. பிறகு மூன்று குச்சிகளை முக்கோணமாக வைத்து, முனைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "தள்ளுங்க" என்றார். தள்ளினேன். அசையவில்லை.

"சதுரம் சாயும், மாப்பிள்ளை. முக்கோணம் சாயணும்னா குச்சி ஒடியணும். இந்தப் பாலம் பூரா அவ்வளவுதான் விஷயம்."

நான் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன். கணக்கு என்றால் எனக்குக் காய்ச்சல் வரும். ஆனால் அன்று புரிந்த பௌதிகம் இன்றுவரை மறக்கவில்லை. லாரி ஒன்று பாலத்தின் மேல் ஏறினால் அதன் பாரத்தைச் சட்டங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. சில சட்டங்கள் இழுபடுகின்றன, சில அமுக்கப்படுகின்றன. எந்தச் சட்டமும் தனியாகச் சுமப்பதில்லை. பாரம் முக்கோணம் விட்டு முக்கோணம் கைமாறி, கடைசியில் தூணின் தலைக்கு வந்து சேர்கிறது. சட்டங்களைச் சேர்த்துப் பிடிப்பவை ரிவெட்டுகள். பழுக்கக் காய்ச்சிய ஆணியைத் துளையில் செருகி, மறுபுறத்தை அடித்துத் தலையாக்கிவிட்டால், அது ஆறும்போது சுருங்கி இரண்டு தகடுகளையும் இறுக்கிக்கொள்ளும். இரும்பு சூட்டில் நீளும் என்பதால் பாலத்தில் ஆங்காங்கே இடைவெளி விட்டிருப்பார்கள். நூறு அடிச் சட்டம், உதயகாலத்துக் குளிருக்கும் அக்கினி நட்சத்திரத்து மத்தியானத்துக்கும் இடையே கிட்டத்தட்ட அரை அங்குலம் வளர்ந்து சுருங்கும். என் மனைவியை எழுப்பிய 'டக், டக்' அந்த இடைவெளிகளின் குரல்தான்.

2016-ல் பக்கத்திலேயே புதிய கான்கிரீட் பாலம் திறந்தார்கள். பஸ்ஸும் லாரியும் அங்கே மாறின. பழைய பாலம் ஓய்வு பெற்றது. ஓய்வு பெற்ற பாலத்தின் மேல் ஓய்வு பெற்ற மனிதர்கள் காலையிலும் மாலையிலும் நடந்தார்கள். என் மாமனார் அவர்களில் ஒருவர். ஆடிக் காற்று வீசுகிற சாயங்காலத்தில் அந்தப் பாலத்தில் நடப்பதற்கு நிகரான சுகம் திருச்சியில் வேறு இல்லை என்பது அவருடைய தீர்மானம். நான் போகும்போதெல்லாம் கூட்டிக்கொண்டு போவார்.

அப்படிப் போன ஒரு நாள், அது 2017 கோடையாக இருக்க வேண்டும், நான் வழக்கம்போல இரும்பைப் புகழ்ந்து கொண்டிருந்தேன். தொண்ணூறு வயதாகப் போகிறது, இன்னும் எவ்வளவு திடமாக நிற்கிறது பாருங்கள் என்றேன்.

மாமனார் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு கீழே காட்டினார்.

"இரும்பு நல்ல இரும்புதான். மேலேயே பார்க்காதீங்க. அந்தத் தூணோட காலைப் பாருங்க."

பார்த்தேன். தூண் மணலைத் தொடும் இடத்தில் தூணைவிட அகலமாக ஒரு வட்டச் சுவர் வெளியே தெரிந்தது. பாசி படிந்து, கறுத்து, கிராமத்துக் கிணற்றின் உறை மாதிரி.

"அது கிணறு. மண்ணுக்குள்ளே இருக்க வேண்டியது. வெளியே வந்து நிக்குது."

பாலத்தின் தூண் ஆற்றில் எப்படி நிற்கிறது என்பதை நம்மில் பெரும்பாலோர் யோசிப்பதில்லை. பாறை இருக்கும் ஆற்றில் கவலையில்லை. கொள்ளிடம் போன்ற ஆற்றில் தோண்டத் தோண்ட மணல். அதனால் முதலில் ஒரு கிணறு கட்டுவார்கள். கிணறு என்றால் தண்ணீருக்காகத் தோண்டிய கிணறு அல்ல. மணலின் மேல் எழுப்பிய வட்டச் சுவர். அதன் அடிவிளிம்பில் கூரான இரும்புப் பட்டை இருக்கும். கிணற்றின் உள்ளே இருக்கும் மணலை அள்ளி அள்ளி வெளியே கொட்டினால், சுவர் தன் பாரத்தாலேயே இறங்கும். இறங்க இறங்க மேலே சுவரை வளர்ப்பார்கள். போதிய ஆழம் போனதும் அடியைக் கான்கிரீட்டால் அடைத்துவிட்டு, அதன் தலையில் தூணை எழுப்புவார்கள். அப்புறம் அந்தக் கிணற்றை நிற்கவைப்பது நாலு பக்கமும் அதைக் கட்டிப் பிடித்திருக்கும் மணல்தான்.

அதாவது, கிணற்றுக்கு உள்ளே மணலை எடுத்தால் தூண் நிலைக்கும். வெளியே மணலை எடுத்தால் தூண் போய்விடும். ஒரே மணல், ஒரே மண்வெட்டி. எந்தப் பக்கம் எடுக்கிறோம் என்பதுதான் வித்தியாசம்.

இந்த இடத்தில் வாசகர்களைக் கொஞ்ச தூரம் வடக்கே அழைத்துப் போக வேண்டும். இரும்புப் பாலம் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது கல்கத்தாவின் ஹௌரா பாலம் அல்லவா? கொள்ளிடத்துப் பாலம் சின்னக் கச்சேரி என்றால் அது மகா கச்சேரி. 26,500 டன் எஃகு. நடுவில் 1,500 அடி அகலத்துக்கு ஆற்றில் ஒரு தூண் கூட இல்லை. 1943 பிப்ரவரியில் திறந்தார்கள். 1965-ல் ரவீந்திர சேது என்று பெயர் வைத்தார்கள். ஏன் நடுவில் தூண் இல்லை? ஹூக்ளி கப்பல் போகிற ஆறு. 1874-லிருந்து அங்கே மிதவைகளின் மேல் ஒரு பாலம் கிடந்தது. கப்பல் வந்தால் பாலத்தின் நடுப்பகுதியைக் கழற்றி நகர்த்தி வழிவிட வேண்டும். அதுவரை இரு கரையிலும் வண்டிகளும் மனிதர்களும் காத்துக் கிடப்பார்கள். புதிய பாலம் கட்ட யோசித்தபோது எஞ்சினீயர்கள் கவலைப்பட்டது கப்பலுக்காக மட்டும் அல்ல. ஆற்றின் நடுவே தூண்களை நட்டால் ஓட்டம் தடைப்படும், வண்டல் படியும், துறைமுகமே தூர்ந்து போகலாம் என்று பயந்தார்கள். ஆகவே பாலத்தை இரு கரையிலும் ஊன்றிக் கைகளை நீட்டச் செய்தார்கள்.

அந்தக் கைகளைத் தாங்குவதும் கிணறுகள்தாம். 55 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம். ஒரு சிறு கோயிலின் பிராகாரத்தையே பூமிக்குள் இறக்கிய மாதிரி. கல்கத்தாப் பக்கத்தில் நூறு அடிக்கு மேல் இறக்கினார்கள். இறக்கும்போது ஒரு நாள் இரவு அது திடீரென்று இரண்டடி அமுங்கியதாம். நில அதிர்ச்சியை அளக்கும் கருவி அதைப் பூகம்பம் என்று பதிவு செய்துவிட்டதாம். பாலத்தைப் படம் பிடிக்கிறவர்கள் லட்சக்கணக்கானவர்கள். அந்தக் கிணற்றை யாரும் படம் பிடித்ததில்லை, பிடிக்கவும் முடியாது.

ஹூக்ளிக்காரர்கள் ஆறு என்ன கேட்கிறது என்று முதலில் கேட்டுவிட்டு, அப்புறம் பாலத்தை வரைந்தார்கள். எனக்கு அந்தப் பாலத்தில் பிடித்த அம்சம் இதுதான்.

கொள்ளிடமும் ஒரு காலத்தில் படகு போன ஆறுதான். அதன் முகத்துவாரத்தில் இருக்கும் தேவிக்கோட்டையை 1749-ல் ஆங்கிலக் கம்பெனியார் பிடித்தது, மணலில் விளையாடுவதற்காக அல்ல. ஆற்று வாய் ஒன்று தங்கள் கையில் இருக்கட்டும் என்றுதான். பழையாற்றில் இன்றும் மீன்பிடி விசைப்படகுகள் வரிசையாக நிற்கின்றன. இதையெல்லாம் விட ருசிகரமான சமாசாரம் ஒன்று உண்டு. 2016-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய தேசிய நீர்வழிச் சட்டம், நாட்டில் 111 நீர்வழிகளைப் பட்டியல் போட்டது. அதில் 55-ஆவது காவிரி–கொள்ளிடம். புதுப் பாலம் திறந்த அதே வருஷம். சட்டப்படி கொள்ளிடம் இப்போது கப்பல் வழி. அந்த வருஷம் நான் பாலத்தின் மேலிருந்து பார்த்தபோது ஆற்றில் மாடுகள் குறுக்கே நடந்து போய்க்கொண்டிருந்தன.

ஆறு மாடு நடக்கும் வழியாகவே இருந்துவிடும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. 2018 ஆகஸ்டில் கர்நாடகத்து மழை மேட்டூரை நிரப்பிவிட்டது. அணையிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கன அடி தண்ணீர் வந்தது. காவிரி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வழக்கம்போல இளைய பிள்ளையின் தலையில் கட்டியது. கொள்ளிடம் கரைக்குக் கரை ஓடிற்று. பழைய பாலத்தில் விரிசல் கண்டு ஜனங்கள் நடப்பதைத் தடுத்தார்கள். ஆகஸ்டு மூன்றாம் வாரத்தில் ஒரு நள்ளிரவு, தூண்கள் இறங்கின. அவற்றின் மேல் இருந்த இரும்பும் ஆற்றில் விழுந்தது.

விடியற்காலையில் மாமனார் போன் செய்தார். அவர் போன் செய்வது அபூர்வம். யாருக்கோ உடம்பு சரியில்லை என்று என் மனைவி பதறிப்போய் எடுத்தாள்.

"பாலம் போச்சும்மா" என்றார். அவ்வளவுதான்.

அந்த வார இறுதியில் போயிருந்தோம். கரையில் கூட்டம். போலீஸ் கயிறு கட்டியிருந்தது. விழுந்த பகுதியைப் பார்த்தபோது எனக்கு ஒன்று திடுக்கிட்டது. ஆற்றில் சாய்ந்து கிடந்த சட்டங்களிலும் முக்கோணங்கள் முக்கோணங்களாகவே இருந்தன. ரிவெட்டுகள் விடவில்லை. தூண் இறங்கியபோது அந்த இரும்புக் கூடு, பிடித்த பிடியை விடாமல், அப்படியே முழுசாகத் தண்ணீருக்குள் போயிருந்தது. மாமனார் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பொன்மலையில் நாற்பது வருஷம் இரும்போடு வாழ்ந்தவர். அவர் முகத்தில் துக்கமும் இருந்தது, ஒரு விதமான கௌரவமும் இருந்தது.

"நம்ம ஆளுங்க அடிச்ச ரிவெட்டு நிக்குது பாருங்க" என்றார்.

அதே ஆகஸ்டு 22-ம் தேதி, முக்கொம்பில் ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டிய மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. ஒரே வாரத்தில் ஒரே ஆற்றில் இரண்டு சாவு. பாலத்துக்கு வயதாகிவிட்டது, அணைக்கு வயதாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். வயதானவர்கள் இறந்தால் காரணம் கேட்பது மரியாதையில்லை என்று நினைக்கிறோம் போலிருக்கிறது.

ஆனால் காரணம் இருக்கிறது. ஓடுகிற தண்ணீர் தூணில் மோதினால் இரண்டு பக்கமும் விலகிப் போவது மட்டும் அல்ல; தூணின் முகத்தில் கீழ்நோக்கிப் பாய்ந்து, அடியில் சுழன்று, மணலைப் பறிக்கும். ஒவ்வொரு வெள்ளத்திலும் தூணின் காலடியில் பள்ளம் விழும். வெள்ளம் வடியும்போது மேலேயிருந்து வரும் புது மணல் அந்தப் பள்ளத்தை நிரப்பும். 1928-ல் பாலம் போட்டவர்களுக்கு இது தெரியும். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிற ஆறு என்று கணக்குப் போட்டுத்தான் ஆழம் குறித்திருப்பார்கள்.

ஆறு வருஷங்களில் அந்த ஆறே மாறிவிட்டது. 1934-ல் மேட்டூர் அணை முடிந்தது. அணை, தண்ணீரைத் தேக்கி விடுகிறது; மணலைத் தேக்கி விடுவதில்லை, வைத்துக்கொண்டுவிடுகிறது. அணை கட்டியது குற்றம் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்தவன்தான் நானும். ஆனால் வரவு குறைந்துபோன குடும்பம் செலவைச் சுருக்க வேண்டாமா? நாம் சுருக்கவில்லை. வீடும் கட்டடமும் பெருகப் பெருக, கொள்ளிடத்து மணலை லாரி லாரியாக அள்ளினோம். குவாரிகள் நடந்தன, எதிர்த்து ஊர்க்காரர்கள் நின்றார்கள், கோர்ட்டு வரைக்கும் வழக்குகள் போயின. பாலத்துக்குப் பக்கத்தில் மணல் எடுக்கக் கூடாது என்று விதியும் இருக்கிறது. ஆனால் மணற்குழிக்கு ஒரு குணம் உண்டு. வெட்டிய இடத்திலேயே அது நிற்பதில்லை. தண்ணீர் குழியின் மேல் விளிம்பில் சரிந்து விழும்போது அந்த விளிம்பை அரிக்கும். குழி மேல்நோக்கி நடக்க ஆரம்பிக்கும். இன்று கீழே வெட்டிய பள்ளம் சில வெள்ளங்களில் மேலே உள்ள பாலத்தைத் தேடிக்கொண்டு வரும். கடலோரத்தில் கதை இன்னொரு விதம். ஆற்றுப் படுகை இறங்கிய இடத்தில் உப்புநீர் உள்ளே ஏறுகிறது. அதைத் தடுக்க ஆதனூருக்கும் குமாரமங்கலத்துக்கும் இடையே கதவணை கட்ட வேண்டியிருந்தது.

மணலில் கட்டக் கூடாது என்று சொல்வது சுலபம். மணலில் கட்டத் தெரிந்தவர்கள் இந்தத் தேசத்திலேயே, இந்த ஆற்றிலேயே இருந்தார்கள். கல்லணை நிற்பது மணலில்தான். ஆழம் காண முடியாத மணலில் அஸ்திவாரம் நிலைக்கச் செய்யும் வித்தையை அதைக் கட்டியவர்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டோம் என்று காட்டனே எழுதியிருக்கிறார். மணல் பலவீனமான பொருள் அல்ல. அது இருக்கிற இடத்தில் இருக்க விட்டால் கல்லைத் தாங்கும், இரும்பைத் தாங்கும், இரண்டாயிரம் வருஷமும் தாங்கும்.

நெய்வேலிக்காரன் என்ற முறையில் இதில் எனக்குப் புதிதாக ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டும். இந்த ஊரே ஒரு கிணற்றில் பிறந்தது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்புத் துகள்கள் வந்தன. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் நிறுவனம் ஏற்பட்டு, 1957-ல் நேரு சுரங்க வேலையைத் துவக்கி வைத்து, 1962-ல் மின்சாரம் வந்தது. கரிப் படுகைக்குக் கீழே மணல் அடுக்கு இருக்கிறது. அந்த மணலில் ஊற்றுநீர் பெரும் அழுத்தத்துடன் அடைபட்டிருக்கிறது. மேலே இருக்கும் மண்ணை நீக்கிவிட்டால், அந்த நீர் சுரங்கத்தின் தரையைக் கீழேயிருந்து முட்டித் தூக்கி உடைத்துவிடும். அதனால் இரவு பகலாகப் பம்புகள் ஓடி அந்த அழுத்தத்தைத் தணித்துக்கொண்டே இருக்க வேண்டும். தீபாவளிக்கும் லீவு இல்லை, பொங்கலுக்கும் லீவு இல்லை. விருந்தாளிகளுக்கு நாங்கள் காட்டுவது ஜெர்மன் சக்கரத்தை. சக்கரம் நிற்க இடம் கொடுப்பது பம்பு. அதைப் பார்க்க வேண்டும் என்று எந்த விருந்தாளியும் என்னிடம் கேட்டதில்லை.

பழைய பாலத்தில் விழாமல் நின்ற பகுதிகளையும் சில வருஷங்களுக்குப் பிறகு இடித்து அப்புறப்படுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் மறுபடி வெள்ளம். ஆற்றுக்குள் நின்ற உயர் அழுத்த மின்கோபுரம் காலடி அரித்துச் சாய்ந்தது. அதுவும் முக்கோணங்களால் பின்னிய இரும்புதான். செய்தியை நான் படித்துக் காட்டியபோது மாமனார், "கோபுரம் என்ன பண்ணும், பாவம்" என்று மட்டும் சொன்னார்.

இப்போது நான் வடலூரில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் என் மனைவியின் உத்தியோகத்தைச் சேர்ந்தது. உத்தியோகம் முடிந்தால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் சொந்தமாக ஒரு கூரை. இதில் விசேஷம் ஒன்றும் இல்லை. இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான்.

அஸ்திவாரத்துக்கு நாள் பார்த்த அன்று கொத்தனார் கேட்டார்: "மணலுக்கு என்ன சார் ஏற்பாடு?"

"எம்-சாண்டு" என்றேன். கருங்கல்லை உடைத்து யந்திரத்தில் அரைத்துச் செய்கிற மணல்.

கொத்தனார் நல்ல மனிதர். முப்பது வருஷ அனுபவம். அவர் முகம் வாடிவிட்டது. "காங்கிரீட்டுக்கு ஆவும் சார். பூச்சுக்கு ஆத்து மணல்தான் வழவழன்னு உக்காரும். எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கான், ராத்திரியிலே கொண்டாந்து தட்டிடுவான். ஒரு லோடுதானே?"

ஒரு லோடுதான். எல்லோருக்கும் ஒரு லோடுதான். ராத்திரியிலே வருகிற மணல் எந்த ஆற்று மணல் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கணக்குப் பார்த்தால், எங்கள் வீட்டுச் சுவர் வழவழவென்று இருப்பதற்கு ஏதோ ஒரு பாலத்தின் காலடியில் ஒரு சாண் குறையும். அந்தப் பாலத்தில் யாருடைய மனைவியோ பஸ்ஸில் கண் விழித்துக் கொண்டையைச் சரி செய்துகொண்டிருப்பாள்.

"வேண்டாம்" என்றேன். "சுவர் கொஞ்சம் சொரசொரன்னு இருந்தால் இருக்கட்டும்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். சுவர் விஷயத்தில் அவளுக்குத் தனி அபிப்பிராயம் உண்டு; வெள்ளை அடித்தால் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்பது பல வருஷ ஆசை. ஆனால் அவள் கொத்தனாரிடம், "அவர் சொல்றபடியே பண்ணிடுங்க அண்ணே. பூச்சுக்குன்னு சன்னமா சலிச்ச எம்-சாண்டு தனியா வருதாமே, அதை வாங்கிக்கலாம்" என்றாள். அப்படி ஒரு சரக்கு இருப்பதே எனக்குத் தெரியாது. அவள் அப்பாவிடம் முன்னாடியே கேட்டு வைத்திருக்கிறாள்.

லோடு வந்து இறங்கிய அன்று மாமனாரும் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்தார். இப்போது கைத்தடி இல்லாமல் நடக்க முடிவதில்லை. கட்டுமானத்தைச் சுற்றிப் பார்ப்பார், கம்பியைத் தட்டிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் நேரே குவியலுக்குப் போய், குனிந்து ஒரு பிடி அள்ளி, விரல்களுக்கு நடுவே தேய்த்தார்.

"ஆத்து மணல் உருண்டையா இருக்கும். உருண்டு உருண்டு வந்தது இல்லையா? இது முனை முனையா இருக்கு" என்றார். பிறகு, "ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கும், மாப்பிள்ளை. நிக்கும்" என்று சொல்லிவிட்டு, கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, அஸ்திவாரக் குழியின் ஆழத்தைக் கைத்தடியால் அளக்கப் போனார்.